பாஸ்க் வீட்டுக் குடிகாரர்கள்

ஆல்டர்விக், லிங்கன்ஷயர்
11 மார்ச் 1996

அன்புத் தம்பி கிளைவுக்கு,

அக்கா வினிஃப்ரெட் எழுதிக்கொள்வது. கனடாவில் நீயும் மேவிஸும் மகள் ரோசலிண்டும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைப் பிறகு சொல்கிறேன்.

ரோசலிண்டின் கல்யாணத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பரிசாகக் கொடுக்க நம் வம்சாவளி வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதற்காகத் தேவாலயத்துப் பழைய பதிவேடுகளைப் பார்க்கப் போனேன். சாவி வைத்திருக்கும் டட்டன் அம்மாளுக்கு வாய் இன்னும் குறையவில்லை. "பாஸ்க் வம்சமா? பப்புல தேடியிருந்தா சீக்கிரம் கிடைச்சிருக்குமே" என்றாள். "அங்க வாசல்ல விழுந்து கிடக்கிற உன் வீட்டுக்காரர் எழுந்து வழிவிட்டாத்தானே நான் உள்ள போக முடியும்" என்றேன். கதவைத் திறந்துவிட்டாள்.

ஞானஸ்நானப் பக்கங்களில் பெயர்களைத் தவிர ஒன்றுமில்லை. அடக்கப் பதிவேட்டில்தான் மாட்டிக்கொண்டேன். 1831, ஜோபு பாஸ்க், வயது 46. ஓரத்தில் போதகர் பொடி எழுத்தில், 'குடிகாரன், வடிகாலில் விழுந்தவன்' என்று எழுதியிருக்கிறார். 1862, அவர் மகன் ஏபெல், வயது 49. 'குடி. கடைசிவரை தள்ளாட்டம்.' 1892, ஏபெலின் மகள், நம் கொள்ளுத்தாத்தாவின் தங்கை ஹெப்சிபா, வயது 44. இது வேறு போதகரின் கை. 'மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர். துளியும் தொடாதவள். ஆனாலும் நடையும் பேச்சும் குடித்தவளைப் போல.'

இதைப் படித்ததும் அப்பா கோப்பையை நழுவவிட்டது, முகத்தைக் கோணியது, சந்தையில் தள்ளாடி விழுந்தது எல்லாம் கண்முன் வந்தன. உனக்கு அப்போது ஒன்பது வயது. "குடிச்சிட்டு இந்தப் படி ஏறாதீங்க" என்று அம்மா கத்தினாள். தாழ்ப்பாள் போட்டது நான். "வின்னி, நான் குடிக்கலம்மா" என்று வெளியே நின்று சொன்னார். மறுநாள் அவரை வடிகாலிலிருந்து பிணமாக எடுத்தார்கள். ஒரு நாளாவது அவர் வாயை யாராவது முகர்ந்து பார்த்தோமா? நாற்பது வருடமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன், கிளைவ்.

அந்தப் பக்கங்களை நகலெடுத்து டாக்டரிடம் காட்டினேன். ஹண்டிங்டன் நோயாக இருக்கும், மூளை நரம்புகளைக் கெடுத்துக் குடித்தவரைப் போலத் தள்ளாட வைக்கும் பரம்பரை நோய் என்றார். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தப் பரிசோதனை இருக்கிறது, குணமாக்கும் மருந்துதான் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று போனில் மேவிஸ், "இவர் கையில இப்பல்லாம் எதுவுமே நிக்கிறதில்ல அண்ணி, வாரத்துக்கு ஒரு தட்டு உடையுது" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கல்யாணத்துக்கு முன்பே ரோசலிண்டிடம் சொல்லிவிடு. அழட்டும், நல்ல நாளும் அதுவுமாக அத்தை கெடுத்தாள் என்று திட்டட்டும். ஒரு பிள்ளையைப் பெறுவதற்கு முன் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நமக்குச் சொல்ல ஆளில்லை. நீயும் போய் ரத்தம் கொடு. சட்டம் போட எதுவும் அனுப்பவில்லை, நகல்களை மட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். அவற்றை உன் டாக்டரிடம் காட்டு.

இது என் எழுத்தல்ல என்று முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பாய். நான் சொல்லச் சொல்ல டட்டன் அம்மாள் எழுதுகிறாள். அவள் வாயைப் பற்றிய வரியையும் அவளேதான் எழுதினாள். இப்போதெல்லாம் எனக்கு அவள்தான் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள்.

கீழே பெயரை மட்டும் நானே போடுகிறேன். அப்பாவின் கையெழுத்து மாதிரி இருக்கும். மேவிஸ் பார்த்துக் கேட்டால், அக்கா குடித்துவிட்டு எழுதினாள் என்று மட்டும் சொல்லிவிடாதே.

கர்த்தர் உன் கையைத் திடமாக வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
வின்னி