மூன்றாவது மேகசினில் நின்றுபோகும் பிஸ்டல்

ஜனவரி 10, சனி

காலித் தோட்டாக் கூடு என் பூட்ஸ் மேல் விழுந்தது. முதலில் கவனித்தது அதைத்தான்.

சுட ஆரம்பித்தபோது ஒவ்வொரு கூடும் பக்கத்தில் நின்ற அத்தை மகன் கோல்டனின் தொப்பிக்கு மேலாகப் பறந்துபோய்ப் பனியில் புதைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, தோட்டா அடுக்கிய மூன்றாவது மேகசினைச் செருகியதும், அதே பிஸ்டல், அதே தோட்டா, ஆனால் கூடுகள் தூக்கக் கலக்கத்தில் இருப்பவை மாதிரி என் காலடியிலேயே விழுந்தன. ஏதோ சரியில்லையே என்று நினைத்து முடிப்பதற்குள் அடுத்த கூடு வெளியே வரவே இல்லை. பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு அதைப் பாதியில் கவ்விக்கொண்டது. குட்டிப் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது.

பிஸ்டல் நின்றால் முனையை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்க வேண்டும். கிளப் விதி. கையைத் தூக்கினால் எல்லாரும் சுடுவதை நிறுத்துவார்கள். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்கு வார்த்தை வராது. வகுப்பே திரும்பிப் பார்க்கும். அதனால்தான் பதினாறு முடிந்ததும் போவதை நிறுத்தினேன். இப்போது ஒரு பிஸ்டல் அதே வேலையைச் செய்கிறது.

சுடும் மைதானத்தை நடத்தும் நீலோவுக்கு லாரி ஹாரன் குரல். "மணிக்கட்டு! மணிக்கட்டு தொளதொளன்னு இருக்கு பொண்ணே! கெட்டியாப் பிடி!"

இந்த மாதிரிப் பிஸ்டல் சுட்ட உதைப்பிலேயே பின்னால் போய், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். பிடி தளர்ந்திருந்தால் உதைப்பு கையோடு போய்விடும், ஸ்லைடு பாதியில் நின்றுவிடும். அது எனக்கும் தெரியும். ஆனால் நான் கறி பொதிந்த பேஸ்டி சுடும் கடையில் நாள் முழுக்க மாவு பிசைகிறவள். என் மணிக்கட்டா தொளதொள?

சரி என்று தலையை ஆட்டினேன்.

ஜனவரி 11, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். "புதுசு கண்ணு. பழகணும்ல" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு அவர் வாங்கித் தந்தது. இந்த வீட்டுக்கு வந்த முதல் தானியங்கி. அவருடையது ரிவால்வர், தாத்தாவுடையது கையால் இழுத்துச் சுடும் ரைஃபிள். எந்தத் துப்பாக்கி வீட்டுக்குள் வந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். சவுனா என்கிற எங்கள் நீராவிக் குளியல் கொட்டகையின் உடை மாற்றும் அறையில் சூட்டோடு சூடாக உட்கார்ந்து, கரடிக் கொழுப்பும் சக்கர கிரீஸும் கலந்து தாத்தா பக்குவத்தில் அவர் காய்ச்சிய கிரீஸை விரலால் எடுத்துப் பூசுவார். ஞானஸ்நானம் மாதிரி. என் பிஸ்டலுக்கும் ஆயிற்று.

"நம்ம கிரீஸ் போட்டது நிக்காது. கையைப் பாத்துக்கோ."

இவரும் கை!

வசந்தப் போட்டிக்கு எங்கள் அணியில் நான்கு பேர். இர்மா அத்தைதான் தலைவி. அத்தை, அப்பா, அத்தையின் தோழி லோயிஸ், மூன்று பேர் ஆயிற்று. நாலாவது நானா, அத்தை மகன் கோல்டனா என்று இந்த மாதக் கடைசி சனிக்கிழமை முடிவாகும். கோல்டனுக்கு ஹாக்கி அணி உண்டு, நண்பர்கள் உண்டு, எங்கே போனாலும் இடம் உண்டு. எனக்கு இது ஒன்றுதான்.

ஜனவரி 14, புதன்

கோல்டன் கடைக்கு வந்தான். பேஸ்டி வாங்க இல்லை, கிண்டல் பண்ண. மாவுப் பலகைமேல் சாய்ந்துகொண்டு, "தோட்டாவை மாத்திப் பாரு. அதுவும் சரிப்படலன்னா கையை மாத்திப் பாரு" என்றான்.

தோட்டாவை மாற்றினேன். உதைப்பு கூடுதலான வகை.

ஜனவரி 17, சனி

மூன்றாவது மேகசின். மறுபடி புகைபோக்கி. மறுபடி கையைத் தூக்கி — மறுபடி அந்த ஹாரன். "மணிக்கட்டூ!"

லோயிஸ் அன்பாக வந்து என் கையைப் பிடித்து எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள். கோல்டன் அதைப் பார்த்துக்கொண்டே பாலே ஆடுகிறவன் மாதிரிக் கையை வளைத்துக் காட்டினான். செத்துப்போகலாம் போல இருந்தது.

கிளம்பும்போது அத்தை, "சைமி, போட்டியில நின்னு போற துப்பாக்கியை வெச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது? உன் குறியில எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நின்னா நின்னதுதானே" என்றாள்.

சரிதான். சரிதான் என்பதுதான் எரிச்சல்.

ஜனவரி 18, ஞாயிறு

மேகசினையும் மாற்றியாயிற்று. கோல்டனுடையதை இரவல் வாங்கிப் போட்டேன். அதிலும் நின்றது.

ஜனவரி 20, செவ்வாய்

இன்றைக்கு அப்பா என்னோடு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஜல்லிப் பள்ளத்துக்கு வந்தார். பிஸ்டலைத் தன் கோட்டுக்குள், வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு வந்தார். அவர் எப்போதும் அப்படித்தான்.

அவர் சுட்டார். ஓடியது. நான் சுட்டேன். எனக்கும் ஓடியது! ஒரு மேகசின், இரண்டு மேகசின், தையல் மிஷின் மாதிரி. "போதும், மூக்கு உதிர்ந்துடும் போல" என்று அப்பா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"பாத்தியா? துப்பாக்கில ஒண்ணுமில்ல. கூட்டத்தைக் கண்டா உனக்குக் கை நடுங்குது. அவ்வளவுதான்."

எங்கே வலிக்குமோ அங்கேயே தொட்டுவிட்டார். ஒருவேளை அதுதானோ? எல்லாரும் சொல்கிறார்களே. ஆனால் கூட்டத்தைக் கண்டு நடுங்குகிற கை, முதல் மேகசினுக்கு நடுங்காமல் மூன்றாவதற்கு மட்டும் ஏன் நடுங்க வேண்டும்? முதல் மேகசினின்போது கூட்டம் எங்கே போயிருந்தது?

ஜனவரி 24, சனி

நின்றது. போ. எழுதவே பிடிக்கவில்லை.

(பிறகு.) ஒன்றை மட்டும் எழுதி வைக்கிறேன். கோல்டனுடையதும் தானியங்கிதான். அதே மைதானம், அதே குளிர். அது நிற்பதே இல்லை. என்னுடையதை எடுத்து முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "மாமாவோட கரடி நாத்தம். கிறிஸ்துமஸுக்கு எனக்கும் பூச வந்தாரு, ஓடிட்டேன்ல!"

ஓடிட்டேன்ல.

ஜனவரி 27, செவ்வாய்

கடைக்கு விடுமுறை. காலையில் பிஸ்டலைக் காலி பண்ணி, பெட்டியோடு விறகுக் கொட்டகையில் வைத்துப் பூட்டினேன். அப்பாவின் கிரீஸ் டப்பாவையும் பக்கத்தில் வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போய்ப் பார்த்தேன்.

ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டேன். 'டக்' என்று வந்து மூட வேண்டும். வரவில்லை. மழையில் ஊறிய மேசை டிராயர் மாதிரி மெல்ல மெல்ல வந்து, ஒரு நூல் இடைவெளி விட்டு நின்றுகொண்டது. டப்பாவைத் திறந்து ஸ்பூனைக் குத்தினேன். ஸ்பூன் வளைந்தது.

கொட்டகையில் நின்றபடியே கத்தினேன். வார்த்தை எதுவும் இல்லை, சும்மா கத்தல். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மணிக்கட்டாம்! மூணு வாரமா மணிக்கட்டு மணிக்கட்டுன்னு — என் கையில் ஒண்ணுமே இல்ல! வீட்டுச் சூட்டோடு கொண்டுபோகிறேன், முதல் இரண்டு மேகசின் ஓடுகிறது. அதற்குள் இரும்பு குளிர்ந்துவிடுகிறது, கிரீஸ் மெழுகாகிவிடுகிறது, உதைப்புக்கு அதைத் தள்ளத் தெம்பில்லை. ரைஃபிளை மனுஷன் கையால் இழுக்கிறான். ரிவால்வரை விரல் சுழற்றுகிறது. கிரீஸ் இறுகினாலும் கொஞ்சம் பலமாக இழுப்பார்கள், அவ்வளவுதான். அப்பா பூசுவதோ சவுனாச் சூட்டில். அங்கே அது எண்ணெய் மாதிரி ஓடும். கொண்டுபோவது வயிற்றுச் சூட்டில். அது கல்லாவதை அவர் எப்படிப் பார்த்திருப்பார்?

கழற்றிச் சுத்தமாகத் துடைத்தேன். அம்மாவின் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. திரும்பக் கொட்டகையில் வைத்துக் குளிரவிட்டேன். அம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு பள்ளத்துக்குத் துணைக்கு வந்தாள். இருந்த தோட்டா எல்லாம் தீரும்வரை சுட்டேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"அப்பாட்ட யாரு சொல்றது?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"எண்ணெய்தான் என்னோடது. வாய் உன்னோடது" என்றாள்.

ஜனவரி 29, வியாழன்

சொல்லவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை உப்பைக் கேட்டேன். இன்னொரு தடவை சும்மா மூடிக்கொண்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

சொல்லாததற்கு இன்று பலன்.

தேர்வுக்கு முந்தின நாள் சவுனா. வழக்கம்போல அத்தையும் கோல்டனும் வந்திருந்தார்கள். குளித்து முடித்து எல்லாரும் சிவந்த முகத்தோடு உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா பெஞ்சில் துப்பாக்கிகளை வரிசையாக வைத்து, டப்பாவை அடுப்போரம் இளகவிட்டிருந்தார். தன்னுடையது ஆயிற்று. அத்தையின் ரிவால்வரும் ஆயிற்று. என்னுடையதைக் கழற்றிப் போட்டுவிட்டு விரலை டப்பாவுக்குள் விட்டார். "என்ன, காஞ்சு கெடக்குது? அதான் நிக்குது" என்றார்.

நான் ஸ்லைடின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டேன்.

"எடு கையை."

"வேண்டாம் அப்பா."

"என்ன வேண்டாம்?"

"குளிர்ல இது கல்லாயிடுது. தாத்தாவோடது கையால இழுக்கறது. இது தானா ஓடணும். துடைச்சப்புறம் நிக்கவே இல்ல. அம்மாகூட பாத்தாங்க."

அந்த அறையில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. குரல் பாதியில் கீச்சென்று போனது. கோல்டன்கூடச் சிரிக்கவில்லை.

"இதைப் பூசின துப்பாக்கிதான் எங்க அப்பன் காலத்துல எங்க வயித்தை ரொப்பிச்சு" என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. கிரீஸ் விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது.

"ஆர்வோ, அதை உன் மொட்டையில பூசிக்கோ, பளபளன்னு இருக்கும்" என்றாள் அத்தை.

அப்பா விரலைத் துண்டில் துடைத்தார். "நாளைக்கு நின்னுச்சுன்னா கையைத் தூக்கிட்டு என் பக்கம் பாக்காதே" என்று சொல்லி டப்பாவை மூடினார்.

மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு தடவை அழுத்தினார். அதைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். நான் செய்தது சரியா? சரி என்றால் ஏன் இப்படி இருக்கிறது?

ஜனவரி 31, சனி

நிற்கவில்லை.

மூன்றாவது மேகசின். நாலாவது. ஐந்தாவது. இரும்புத் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. சில விழவில்லை. அவை நான் தவறவிட்டவை. என் தப்பு என் தப்பாகவே இருப்பதில்தான் எத்தனை நிம்மதி! கையைத் தூக்கவே இல்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் மட்டும் பார்த்தார்கள்.

"நாலாவது சைமி" என்றாள் அத்தை. கோல்டன் என் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டான். "மாவு பிசையறவளுக்கு மணிக்கட்டு முளைச்சிடுச்சுடோய்!"

நீலோ, "நான்தான் சொன்னேனே, கெட்டியாப் பிடின்னு" என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது?

அப்பா நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. வண்டியில் வரும்போது ரேடியோவைப் போட்டுவிட்டார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்னும் ரேடியோதான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீலோ வந்தார். கையில் புதுப் பெட்டி. மனைவிக்கு ஒரு தானியங்கி வாங்கியிருக்கிறாராம். பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டே, "ஆர்வோ, உன் கிரீஸ் கொஞ்சம் பூசிக் குடு. ரெண்டு சனிக்கிழமை அவ மைதானத்துக்கு வந்தா, ரெண்டு தடவையும் நின்னு போச்சு. அவ மணிக்கட்டைச் சொன்னா அடிக்க வர்றா" என்றார்.

விருந்தாளி வந்தால் நான் மாடிக்குப் போய்விடுவேன். பாதிப் படி ஏறியும் விட்டேன்.

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்த மாதிரித் துப்பாக்கியைப் பத்தி எனக்குத் தெரியாது. சைமியைக் கேளு" என்றார்.

நீலோ படியை அண்ணாந்து பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

நான் இறங்கிப் போய்ப் பெட்டிக்குக் கை நீட்டினேன். "முதல்ல மேகசினைக் கழட்டி, உள்ளே காலின்னு எனக்குக் காட்டுங்க" என்றேன்.