தபால்தலையில் மூன்றாவது வீடு

சிபியு,
19 பிப்ரவரி 2007

என் ரோசிக்கு,

உறையைக் கிழித்துப் போட்டுவிட்டாயா? போட்டிருந்தால் முதலில் குப்பையிலிருந்து எடு. தபால்தலையைப் பார்த்துவிட்டு மீதியைப் படி.

நம் ஊருக்கு இந்த வருஷம் ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகர் என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள் இல்லையா, அதற்காக வந்த தபால்தலை இது. சதுக்கத்தையோ தேவாலயக் கோபுரத்தையோ போடுவார்கள் என்று நினைத்தேன். யாரோ ஒரு புண்ணியவான் நம் கீழ்நகரத்து வீடுகளை வரைந்திருக்கிறான். கூரையில் கண் போன்ற சன்னல் வைத்த வீடுகள், வரிசையாக. இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது, பச்சைக் கதவு. உன் வீடேதான்!

தபால் ஆபீசில் கண்ணாடியைப் போட்டுப் பார்த்ததும் என்னையறியாமல், "அடியம்மா, இது எங்க வீடு!" என்று கத்திவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "காலையிலேர்ந்து எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. எத்தன வேணும், அதச் சொல்லுங்க" என்றாள்.

தெருவையே பெயிண்ட் அடித்துப் புதுசாக்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பொம்பிலியுவுக்கு அதிலும் குறைதான். "கூர ஒழுகுது, ஓடு மாத்துங்கன்னு எத்தன தடவ நடந்தேன்! ஒருத்தன் வரல. இப்ப மூஞ்சிக்கு மட்டும் பவுடர் பூசிட்டுப் போறானுங்க" என்று வேலைக்காரர்கள் காதில் விழும்படி சொன்னார். வெளிநாட்டுக்காரர்கள் வந்து வீட்டைப் படம் பிடிக்கிறார்கள். கொடியில் காய்கிற என் உள்பாவாடையும் சேர்ந்து உலகம் சுற்றுகிறது.

நீங்கள் ஜெர்மனிக்குக் கிளம்பியபோது அரசாங்கம் இந்த வீட்டைப் பிடுங்கிக்கொண்டு எங்களுக்கு வாடகைக்கு ஒதுக்கியதே, அப்போது நீ எழுதினாய்: "யாரோ இருக்கறதுக்கு நீ இருக்கறே. எனக்கு அது போதும்." அதை நான் மறக்கவில்லை. இந்த வருஷமாவது வா. உன் பழைய அறையிலேயே படுத்துக்கொள். நான் வாசலில் நின்று வரவேற்க, நீ உன் வீட்டுக்கே விருந்தாளியாக வருவதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, என்னவோ போலவும் இருக்கிறது.

வசந்தம் பிறக்கிற மார்ச் முதல் தேதி கையில் கட்டிக்கொள்ளச் சிவப்பு வெள்ளைக் கயிறு உறைக்குள் வைத்திருக்கிறேன். உனக்கு வயசாகிவிட்டது என்று சும்மா இருந்துவிடாதே, கட்டிக்கொள்.

உன்,
வெத்தூரியா

*

ஹைல்புரோன்,
4 மார்ச் 2007

வெத்தா, என் வெத்தா,

கயிறு கட்டிக்கொண்டேதான் எழுதுகிறேன். தபால்தலையைப் பார்த்து அழுதுவிட்டேன். இத்தனை வருஷமாகக் கனவில் வந்த வீடு, இப்போது விரல்நுனி அளவில் என் கையில் இருக்கிறது!

என் கணவர் போனபிறகு நான் அண்ணன் ஓட்மார் வீட்டு மாடியில்தானே இருக்கிறேன், உடனே கீழே ஓடிப்போய் அவனிடம் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தான். "பரவாயில்லயே, நல்லாத்தான் வெச்சிருக்காங்க" என்றான். பிறகு தபால்தலையைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னான். கொடுத்துவிட்டேன். எனக்கு இன்னொன்று அனுப்பு.

ஆகஸ்டில் கட்டாயம் வருகிறேன். என்ன கொண்டுவரட்டும்? அந்தப் பஞ்ச காலத்தில் காப்பித்தூள் பொட்டலம் அனுப்பினால் தெருவே மணக்கிறது என்று எழுதுவாயே, இப்போது உங்கள் கடைகளில் எல்லாமே கிடைக்கிறதாம். வெறுங்கையோடு வந்தால் கதவைத் திறப்பாயா?

முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டி, ஒரு பெரிய சட்டி நிறையச் செய்து வை. இங்கே நான் செய்தால் உன் கைப்பக்குவம் வரவே மாட்டேன் என்கிறது.

அன்பு முத்தங்களுடன்,
ரோஸ்வித்தா

*

சிபியு,
23 ஏப்ரல் 2007

அன்பு ரோசி,

ஈஸ்டர் நல்லபடியாகக் கழிந்தது. முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் போட்டதில் கை இன்னும் சிவந்தே கிடக்கிறது. உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டோம். பொம்பிலியு முழங்கால் வலியோடு ஏணியில் ஏறி, "உன் சிநேகிதி வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்" என்று புலம்பிக்கொண்டே அடித்தார். ஆனால் அழகாக அடித்திருக்கிறார்.

ஒரு விஷயம். போன வாரம் ஓர் இளைஞன் வந்தான். கோட்டும் சூட்டும் போட்டு, நல்ல மரியாதையாகத்தான் பேசினான். வீட்டை அளக்க வேண்டும் என்றான். "கலாசார வருஷத்துக்கா தம்பி?" என்று கேட்டேன். "இல்லம்மா, வீட்டுக்காரங்க தரப்புல" என்றான். "வீட்டுக்காரங்க நகராட்சிதானே, நாங்க மாசாமாசம் அங்கதானே வாடகை கட்டறோம்" என்றேன். அவன் என் முகத்தையே பார்க்கவில்லை. உன் அறையைக்கூட அளந்தான்.

நகராட்சியில் போய்க் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். உனக்கு ஏதாவது தெரியுமா? தெரியாது என்று நீ எழுதிவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உன்,
வெத்தா

*

ஹைல்புரோன்,
14 மே 2007

அன்பு வெத்தா,

இந்தக் கடிதத்தை எத்தனை தரம் எழுதிக் கிழித்தேன் என்று கேட்காதே.

ஆறு வருஷத்துக்கு முன்னால், பறித்த வீடுகளைத் திருப்பித் தருவதாக உங்கள் அரசாங்கம் சட்டம் போட்டபோது, ஓட்மார் அப்பாவின் வாரிசாக ஒரு மனு போட்டிருக்கிறான். போட்டதோடு சரி. அது எங்கேயோ தூங்கிவிட்டது, அவனும் விட்டுவிட்டான். நீ அனுப்பிய தபால்தலையைப் பார்த்ததும் வேகம் வந்துவிட்டது அவனுக்கு. "தபால்தலையில போடற அளவுக்கு மதிப்பான வீடு. அத நாம ஏன் விடணும்?" என்றான். அங்கே வக்கீல் வைத்தான். கோட்டு போட்டு வந்த பையன் அந்த வக்கீலின் ஆள்.

ஆசையாகக் காட்டினேன் வெத்தா. வேறெதுவும் மனதில் இல்லை.

வீடு எங்கள் கைக்கு வந்தால் அதை வாங்கி விடுதி ஆக்க ஒருவர் தயாராக இருக்கிறாராம். ஆனால் விற்க என் கையெழுத்தும் வேண்டும். நான் அவனிடம் பேசுகிறேன். நீ கவலைப்படாதே.

ரோசி

*

சிபியு,
4 ஜூன் 2007

ரோசி,

கவலைப்படாதே என்று எழுதியிருக்கிறாய். படாமல் இருக்கப் பார்க்கிறேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை சொல்லாததற்குக் காரணம், இதைச் சொன்னால் உதவி செய்தவள் கணக்குக் காட்டுவது போல ஆகிவிடும் என்பதுதான். பல வருஷத்துக்கு முன்னால் இந்தத் தெருவில் குடியிருந்தவர்களுக்கே அரசாங்கம் வீட்டை விற்றது. மலிவாகத்தான். எதிர்வீட்டுக்காரர், மூலைவீட்டு விதவை, எல்லாரும் வாங்கினார்கள். பொம்பிலியு பணத்தைப் புரட்டிக்கொண்டு வந்து நின்றார். நான்தான் விடவில்லை. "இது ரோசி வீடுங்க. இதுல நான் எப்படி என் பேர எழுதுவேன்? நாளைக்கு அவ வந்து நின்னா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கதவத் திறப்பேன்?" என்றேன். அவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அன்று வாங்கியவர்கள் இன்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று சாப்பாட்டு மேசையில் பொம்பிலியு சொன்னார்: "சிநேகிதி வீடு, சிநேகிதி வீடுன்னியே. இப்பப் பாரு. சிநேகிதி போயிட்டா, வீடு மட்டும் நிக்குது." நான் சண்டை போட்டேன். "ரோசி அப்படிப்பட்டவ இல்ல. அவ கையெழுத்துப் போட மாட்டா" என்றேன். "எழுதிக் கேளு, பாப்போம்" என்றார்.

அதனால் கேட்கிறேன். வீடு உங்களுடையது, இல்லை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. திரும்பக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கே வாடகை கட்டிவிட்டு இருக்கிறோம். விற்க மட்டும் சம்மதிக்காதே. எங்கள் இரண்டு பேர் காலம் முடியும்வரை. அவ்வளவுதான் நான் கேட்பது.

வெத்தா

*

ஹைல்புரோன்,
2 ஆகஸ்ட் 2007

என் வெத்தா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சுற்றி வளைத்து எழுதத் தெரியவில்லை. ஓட்மாருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குள் வீடும் எங்கள் பேருக்குத் திரும்பிவிட்டது. மருத்துவமனையிலிருந்து வந்ததும் சமையலறையில் விற்பனைக் காகிதத்தை என் முன்னால் வைத்தான். கோபமாகப் பேசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். "நீ போடலன்னாலும் உன்ன நான் மாடிய விட்டு எறங்கச் சொல்ல மாட்டேன் ரோசி. ஆனா அப்பாவ நெனச்சுப் பாரு" என்றான் மெதுவாக.

அப்பாவின் கடைசி நாட்கள் உனக்குத் தெரியாது. நான் எழுதியதில்லை. இங்கே இருந்துகொண்டே, "வாசக்கதவப் பூட்டலயே, நான் போய்ப் பூட்டிட்டு வந்துடறேன்" என்று படுக்கையிலிருந்து இறங்குவார். பிடித்து உட்கார வைப்போம். ஒரு பெட்டியோடு அவரைத் துரத்தியது நீ இல்லை, பொம்பிலியு இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சமையலறையில் பேனாவைக் கீழே வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணனை விட்டால் எனக்கு இங்கே யாரும் இல்லை.

உன் கடிதம் என் கைப்பைக்குள்தான் இருந்தது.

என் பங்கை உனக்கு அனுப்பட்டுமா என்று கேட்கக் கூசுகிறது. கேட்டுவிட்டேன். செப்டம்பரில் வருகிறேன். வெளியே எங்காவது தங்கிக்கொள்கிறேன். என்னைத் திட்டு. நேரில் திட்டு. வரலாம் என்று ஒரு வார்த்தை எழுது.

உன் ரோசி

*

ஹைல்புரோன்,
15 அக்டோபர் 2007

வெத்தா,

பதில் வரவில்லை. தபால் தாமதமோ என்று முதலில் நினைத்தேன். நீ சொல்லாமல் வர என்னால் முடியவில்லை. பயணச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பொம்பிலியுவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அதையாவது எழுது.

ரோசி

*

சிபியு,
3 டிசம்பர் 2007

மதிப்பிற்குரிய திருமதி ரோஸ்வித்தா அவர்களுக்கு,

தங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

சட்டப்படி நாங்கள் இன்னும் சில வருஷங்கள் அந்த வீட்டில் இருந்திருக்கலாம் என்று வக்கீல் சொன்னார். இருக்க என் கணவர் விரும்பவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. போன வாரம் வெளியேறிவிட்டோம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நான்காவது மாடியில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. வெயில் நன்றாக வருகிறது. என் கணவரின் முழங்காலைப் பற்றி விசாரித்திருந்தீர்கள். படி ஏறுவது சிரமம், அதனால் அவர் அதிகம் இறங்குவதில்லை. மற்றபடி நலம்.

தாங்கள் தருவதாகச் சொன்ன பங்கு எங்களுக்கு வேண்டாம். தங்கள் அண்ணன் விரைவில் பூரண குணமடைய வேண்டுகிறோம்.

சாவிகளைத் தங்கள் வக்கீலின் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். வீட்டை வாங்குபவர்களுக்கு ஒன்று தெரியப்படுத்தவும். முற்றத்துக் குழாய் பனிக்காலத்தில் உறைந்து வெடித்துவிடும். முதல் பனிக்கு முன்னால் சாக்கும் வைக்கோலும் வைத்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். புதியவர்களுக்கு அது தெரிந்திருக்காது. இந்த வருஷம் நானே சுற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திருமதி வெத்தூரியா பர்சான்