பத்தாவது ஆள்

ஸவிலோவ்கா,
கிஸ்லேவ் மாதம் பத்தாம் நாள்

பால்டிமோரில் இருக்கும் தம்பி கல்மனுக்கு, அக்கா பிரைனா எழுதுவது. நீ நூற்றிருபது வயது வாழ வேண்டும்.

அப்பா போய்ச் சேர்ந்ததைப் போன கடிதத்திலேயே எழுதினேன். பதில் இல்லை. கிடைக்கவில்லை என்றே நினைத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி நினைத்தால் எனக்குத்தான் வயிறு எரியும்.

நீ கப்பல் ஏறிய வருஷம் அப்பா ஆற்றுக் களிமண்ணில் ஓர் ஆளைச் செய்து, நாக்கின் அடியில் கடவுளின் திருப்பெயர் எழுதிய தாளை வைத்து எழுப்பினார் என்று எழுதியிருந்தேனே. நீ கேலி செய்து பதில் போட்டாய். அந்தக் கோலெம் உன் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, நீ சுமந்த தண்ணீரையெல்லாம் சுமந்தது. பேச்சுதான் வராது. "உன் தம்பி மட்டும் பேசிக் கிழிச்சானாக்கும்" என்பார் அப்பா. அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

இறந்த அப்பாவுக்காகக் கதிஷ் ஜெபம் சொல்லப் பத்து ஆண்கள் கூட வேண்டும். எல்லாரும் அமெரிக்கா போனபின் ஊரில் மிஞ்சியது ஒன்பது பேர். நான் பெண் என்பதால் என்னைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். தினமும் காலையில் கோலெம் தானாகவே ஜெப ஆலயத்துக்குப் போய் அப்பா நின்ற இடத்தில் நின்றது. கசாப்புக்கடை கெட்செல், "ரப்பி, குளிர்ல விறைச்சுப் போறோம். இவனையும் சேத்து எண்ணிடுங்களேன். சும்மா நிக்கிறதுல என்னைவிடக் கெட்டிக்காரன்" என்றாராம். ரப்பி தாடியைப் பிடித்துக்கொண்டு, "தாய் வயித்துல பொறக்காதவனை எப்படிய்யா எண்ணறது?" என்று கேட்டாராம். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டதாம். கதிஷ் சொல்லாமலே கலைந்தார்கள். மூன்று மாதமாக இதே கதைதான்.

செய்தவர் போனபின் கோலெமை விட்டுவைக்கக் கூடாது என்று ரப்பி சொன்னார். தாளை நான்தான் எடுத்தேன். வாயைத் திற என்றதும் குழந்தை மாதிரித் திறந்தது. உன் கோட்டுக்குள் வெறும் மண்தான் மிஞ்சியது. அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன், கல்மன். மண்ணை அப்பாவின் கல்லறைமேல் போட்டோம். கோட்டைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

நீ ஓய்வுநாளிலும் தையல் பட்டறைக்குப் போகிறாயாம், ஜெப ஆலயத்துப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லையாம். நான் திட்டவில்லை. நீ திரும்பி வரவும் வேண்டாம். அங்கே தடுக்கி விழுந்தால் பத்து யூதர்கள் இருப்பார்களே. கதிஷ் சொல்ல வேண்டிய பதினொரு மாதத்தில் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. ஒருநாளாவது போய் நின்று, அப்பாவின் பெயரை நினைத்துக் கதிஷ் சொல்லிவிடு. நீ நன்றாக இருப்பாய்.

பாவம், அந்தக் கோலெமுக்குத்தான் பேச்சு இல்லை. உனக்கு இருக்கிறது, தம்பி.

உன் அக்கா,
பிரைனா