மகனுக்கு வைத்திருந்த இடம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். மற்றபடி நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை. குழந்தையின் இருமல் போய்விட்டதா? திங்கட்கிழமையும் நேற்றும் நான் ஃபோன் பண்ணி அந்த இருமலைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டேனே, உனக்கே சந்தேகம் வந்திருக்கும். இருமலுக்காக நான் பண்ணவில்லை. வேறொன்று சொல்ல வேண்டியிருந்தது, உன் குரலைக் கேட்டதும் அதை விட்டுவிட்டு இருமலைக் கேட்டேன், வைத்துவிட்டேன். அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, இந்த மனுஷனுக்குப் பேச வராது, எழுதியாவது தொலையுங்கள், நான் சொன்னால் அவன் நம்ப மாட்டான் என்று பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தாள். கூரியர்காரன் மூன்று நாளில் சேரும் என்கிறான். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ ராஜினாமா கொடுக்காதே. இங்கே வராதே. கம்பெனியில் உனக்காக நான் வைத்திருந்த இடம் இல்லை, பதினோரு வருஷமாகவே இல்லை.

போன வெள்ளிக்கிழமை வாரிசு வேலைப் படிவத்துக்கு உன் சான்றிதழ் நகல், ஃபோட்டோ எல்லாம் வரிசையாக வைத்து எடுத்துக்கொண்டு பணியாளர் பிரிவுக்குப் போனேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன், அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. அங்கே இப்போது ஒரு சின்னப் பெண் அதிகாரி, இரண்டு வருஷத்தில் அந்த நாற்காலிக்கு வந்த மூன்றாவது ஆள். கம்ப்யூட்டரில் தேடினாள், பீரோவைத் திறந்து தேடினாள், யாருக்கோ ஃபோன் போட்டாள். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, "சார், தொழிலாளி ரிட்டயர் ஆனா பிள்ளைக்கு வேலைங்கிற விதியையே எடுத்துட்டாங்க சார், பதினோரு வருஷம் ஆச்சு" என்றாள். நான் அவளுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் சுற்றறிக்கையையே எடுத்து முன்னால் வைத்தாள். அலுவலகப் பக்கத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போவதே இல்லையே, எங்கள் வாசல் வேறு. நடுவில் ஓய்வு பெற்றவர்களில் எவனாவது தன் பிள்ளைக்குக் கேட்டிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். ஒருத்தனும் கேட்கவில்லை. எல்லார் பிள்ளைகளும் உன்னைப் போலவே எங்கெங்கோ போய்விட்டார்கள், அந்த அப்பன்களும் விட்டுவிட்டார்கள். நான் ஒருத்தன்தான் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன்.

இது மட்டும் என்றால் போகட்டும் என்று இருந்திருப்பேன். உனக்குத் தெரியாத கதை ஒன்று இருக்கிறது, அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். நீ பத்தாவது படிக்கும்போது என்னை சூப்பர்வைசர் ஆக்குகிறோம் என்றார்கள். நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் ஆகிவிட்டால் தொழிலாளி கணக்கிலிருந்து பெயர் போய்விடும், பிள்ளைக்கு இடம் கிடையாது, அதுதான் அப்போது விதி. அம்மா ஒரு மாசம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த வெள்ளை வெளிச்சத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஓடுகிற பாட்டில்களில் விரிசல் தேடிப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட வேலை என்று நீ சின்ன வயசில் ஒரு தரம் வந்து பார்த்திருக்கிறாய், ஐந்து நிமிஷத்தில் தலை சுற்றுகிறது என்று வெளியே ஓடினாய். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், அதற்கு மேல் கண் பார்க்கும், மூளைக்குப் போகாது. அதை இன்னும் பதினெட்டு வருஷம் பார்த்தேன், உனக்காக. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். அப்போதும் வேண்டாம் என்று எழுதினேன். அப்போதிருந்த மேலாளர் காகிதத்தை வாங்கிக்கொண்டு, பிள்ளைக்காக விட்டுக்கொடுக்கிறீங்க, பெரிய மனசு உங்களுக்கு என்று எழுந்து கை குலுக்கினார். நான் அன்று வீட்டுக்குத் தரையில் கால் படாமல் வந்தேன். கணக்குப் போட்டுப் பார். விதியை எடுத்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. அந்த ஆளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் கை குலுக்கியிருக்கிறார். என் கோப்பை அந்தப் பெண் காட்டினாள். சொந்தக் காரணங்களுக்காகப் பதவி உயர்வு மறுத்தார் என்று ஒரே வரி. பாட்டிலில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவன் என்று என்னைப் பெருமையாகச் சொல்வார்கள், வெட்கக்கேடு.

அந்த சூப்பர்வைசர் வேலை யாருக்குப் போனது தெரியுமா, நாங்கள் அவசரம் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவோமே, அவனுக்கு. உனக்கு ஞாபகம் இருக்கும், எதற்கெடுத்தாலும் ஓடிக்கொண்டே இருப்பானே, அந்த மாமா. எனக்கு ஆறு வருஷம் ஜூனியர். நேராக அவன் அறைக்குப் போய், உனக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அதை நம்பித்தானே அண்ணே உக்காந்திருந்தீங்க, எந்த வாயால சொல்றது" என்றான். ஒன்பது வருஷம் என்னோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவன். அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை. சொல்லியிருந்தால் நான் அவனைத்தான் பொறாமைக்காரன் என்று திட்டியிருப்பேன்.

நீயும் எத்தனை தரம் சொன்னாய், கம்பெனி நம்மை நினைத்துக்கொண்டிருக்காது அப்பா, நாம்தான் அதை நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று. அப்போதெல்லாம் உன்னை நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். நாடோடி என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் ஐந்து கம்பெனி, ஒரு இடத்தில் நாற்காலி சூடாகுமுன் எழுந்து போகிறவன் என்று என் ஷிப்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். இப்போதும் நீ செய்தது எல்லாம் சரி என்று எழுத மாட்டேன், அப்படி எதிர்பார்க்காதே. உன் மூன்றாவது கம்பெனியில் பக்கத்து மேஜைக்காரன் பெயர் என்ன என்று கேட்டேன், தெரியாது என்றாய். அதுவும் ஒரு பிழைப்பா? ஒட்டாமல் வாழ்வதும் எனக்குப் பிடிக்கவில்லை, ஒட்டிக்கொண்டு நான் வாழ்ந்ததைப் பார்த்தாலும் வயிறு எரிகிறது. எது சரி என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தச் சின்னப் பெண் அதிகாரி வந்து பதினாலு மாசம்தான் ஆகிறதாம், அடுத்த வாரம் வேறு வேலைக்குப் போகிறாளாம். "உங்க பையனை வர வேணாம்னு சொல்லிடுங்க சார், இதை நான் போறதால சொல்றேன்" என்றாள். முப்பத்தாறு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் எனக்கு உண்மையைச் சொன்னது, வெளியே போகிற அவள் ஒருத்திதான்.

அவர்கள் எனக்குச் செய்ததைவிட நான் உனக்குச் செய்தது பெரிய தப்பு. அந்த இடத்தை விட்டால் என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லி உன்னைச் சம்மதிக்க வைத்தேனே. நீ பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டு, சரி, ஒன்றாம் தேதி எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாய். உன் குரலில் உயிரே இல்லை, நான் அதைக் கவனித்தேன், கவனித்தும் மறுநாள் ஷிப்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். மருமகளும் தன் வேலையை விட்டுவிட்டு வர ஒத்துக்கொண்டாள் என்றாய். அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அவளிடம் நான் கேட்கவும் இல்லை. அவள் வேலையும் வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. மன்னிப்புக் கேட்டதாகச் சொல், அவள் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பவே சொன்னேனே என்று குத்துவாள் என்று எதிர்பார்த்தேன், அவளுக்கு அந்த உரிமை உண்டு. அவள் அதைப் பேசவே இல்லை. அவன் எழுதிக் கொடுத்துட்டானா என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம்தான் ஒன்றாம் தேதிக்கு எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணிப் பார்த்தேன்.

அதனால் இதைப் படித்த உடனே ஃபோன் பண்ணி, கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை அம்மாவிடம் சொல். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒருவேளை முன்கூட்டியே கொடுத்துவிட்டிருந்தால் வெட்கம் பார்க்காமல் திரும்ப வாங்கிக்கொள், என் மேல் பழியைப் போடு, அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல், பொய்யில்லை. குழந்தைக்கு இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. நீங்கள் மூன்று பேரும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும், இருக்கிற இடத்திலேயே இருங்கள், அல்லது உனக்கு எங்கே பிடிக்கிறதோ அங்கே போ.

கடைசியாக ஒரு உதவி. எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் எழுபத்தொன்பது நாள் பாக்கி இருக்கிறது. கடைசி நாளன்று மேடையில் நிற்க வைத்து, சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து, விசுவாசமான ஊழியர் என்று ஒலிபெருக்கியில் படிப்பார்கள். அதை நின்று கேட்க என்னால் ஆகாது. அதற்கு முன்னால் போனால் வர வேண்டிய பணத்தில் ஏதோ பிடிப்பார்களாம், பிடித்துக்கொள்ளட்டும், அம்மாவும் சரி என்றுவிட்டாள். ஆனால் விலகுவதாக எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து மூன்று தாள் கிழித்துவிட்டேன், எதை எழுதினாலும் லீவு விண்ணப்பம் மாதிரியே வருகிறது, அனுமதிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்றே போய் முடிகிறது. உனக்கு இதில் பழக்கம் இருக்கிறது. எனக்கு ஒன்று எழுதி அனுப்பு. யாரையும் திட்ட வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். தாழ்மையுடன் என்ற சொல் மட்டும் அதில் எங்கேயும் வரக்கூடாது.

ஆசிகளுடன்,
உன் அப்பா