கன்வெர்ட்டருக்குள் ஒன்றுமில்லை

நாள் 1, காலை 8.10

புறப்பட்டாயிற்று. மூன்றாம் வண்டி. ஓட்டுநரும் பயணியும் நான்தான்: எஸ்தர் ஞானதீபம், நிலவியலாளர். தெற்குப் பள்ளத்தாக்கில் பாறை மாதிரிகள் எடுத்துக்கொண்டு செவ்வாய்த் தளத்துக்குத் திரும்ப வேண்டும். இன்ஜின் மீத்தேனையும் ஆக்சிஜனையும் ஒழுங்காகக் குடிக்கிறது. ஆயில் அழுத்தம் சரி.

போன வாரம்வரை இந்த வண்டிக்கு ஏற்றம் என்றாலே மூச்சு வாங்கும். கன்வெர்ட்டர் எச்சரிக்கை விளக்கு வேறு அணையவே அணையாது. இன்று விளக்கும் இல்லை, இழுப்பும் பிரமாதம். தளத்து மெக்கானிக் செங்கோடன் நாமக்கல் லாரிப் பட்டறையில் வளர்ந்தவன். வானொலியில் வழியனுப்பினான்: "புது கன்வெர்ட்டர் மாட்டிட்டேனுங்க்கா. தைரியமா ஓட்டுங்க."

நான் சந்தேகப் பிராணி. அடுத்தவர் போட்ட காப்பியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன்.

நாள் 2, காலை 11.30

தலைவலி. சரியாகத் தூங்கவில்லை.

இதைப் படிப்பவருக்கு வண்டி தெரியாமல் இருக்கலாம். இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். கன்வெர்ட்டர் என்பது சைலன்சர் குழாயின் நடுவே இருக்கும் ஒரு டப்பா. உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான், அதன்மேல் பிளாட்டினப் பூச்சு. அதன் வழியே போகும்போது விஷம் எரிந்து சாதுவாகிவிடும். பூமியில் புகை தெருவோடு போய்விடும். இங்கே அதன் சூட்டை வீணாக்குவதில்லை. குழாய் கேபினைச் சுற்றி வந்து, நம்மைக் குளிர்காய வைத்துவிட்டுத்தான் வெளியே போகிறது. குழாய் மூட்டுகள் எப்போதும் கொஞ்சம் கசியும். கன்வெர்ட்டர் நன்றாக இருக்கும்வரை யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சாரின் வரைகோட்டைப் பார்த்தேன். ஆக்சிலேட்டரை மிதித்தாலும் விட்டாலும் ஒரே நேர்கோடு. இவ்வளவு நல்ல பிள்ளையை நான் நம்புவதில்லை.

நாள் 2, மாலை 3.40

அழுத்த உடையோடு இறங்கி வண்டிக்கு அடியில் படுத்தேன். கன்வெர்ட்டரின் முன்வாய் நல்ல சூடு, பின்வாய் அதைவிடக் குறைவு. தலைகீழாக இருக்க வேண்டும். உள்ளே விஷம் எரிந்தால் பின்வாய்தான் அதிகம் கொதிக்கும். ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினேன். காலி எண்ணெய் டின்னைத் தட்டியது போல் கையில் அதிர்ந்தது. சென்சாரும் குழாய்க்குள் இல்லை. நடுவே நீளமாக ஒரு நட்டு வைத்து எட்ட நிறுத்தியிருக்கிறான். புகையே படாத சென்சார் எல்லாம் சுத்தம் என்றுதானே சொல்லும்!

டப்பா பழையதுதான். உள்ளே ஒன்றுமே இல்லை.

தளத்தைக் கூப்பிட்டேன். செங்கோடனின் பதில்: "அய்யோ, புதுசுங்க்கா! குளிருக்கு ரீடிங் அப்பிடித்தான் காட்டும். ஒண்ணும் ஆவாதுங்க."

புளுகுகிறான். பற்றிக்கொண்டு வந்தது. உடனே வண்டியைத் தளத்தின் பக்கம் திருப்பிவிட்டேன்.

நாள் 3, காலை 9.00

புழுதிப் புயல். முன்சக்கரமே தெரியவில்லை, நிறுத்திவிட்டேன். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டிக் குளிர்காய்வது, பிறகு அணைத்துக் காற்றை மாற்றுவது என்று சமாளிக்கிறேன். விஷவாயு அலாரம் இருமுறை கத்தியது.

பிளாட்டினம் எங்கே போயிற்று? தளத்து ஆக்சிஜன் ஆலைக்குப் பிளாட்டினம் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அவனாக எடுத்தானா, யாராவது எடுக்கச் சொன்னார்களா? என்னை அனுப்புவதில் எல்லோரும் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார்கள்?

நாள் 3, மதியம் 1.20

செங்கோடன் அவனாகவே கூப்பிட்டான். அப்படியே எழுதுகிறேன்:

"அக்கா, பொய் சொல்லிட்டேனுங்க. கன்வெர்ட்டர் அடைச்சுக்கிச்சு, மாத்த வேற இல்ல. கம்பிய உட்டுக் குத்தி, உள்ள இருந்ததையெல்லாம் கொட்டிப்போட்டேன். எங்க பட்டறையில லாரிக்கெல்லாம் அப்பிடித்தானுங்க பண்ணுவோம். வெளக்கு எரியாம இருக்க ஒரு நட்டு வெப்போம். அங்க பொக ரோட்டோட போயிருமுங்க. இது உங்க கேபினைச் சுத்திப் போகுதுங்கறது நெனப்புக்கே வரலீங்க. இன்ஜினை இப்பவே ஆஃப் பண்ணுங்க. அழுத்த உடைய மாட்டிக்கிட்டு உக்காருங்க. குளுரும், ஆனா தாங்கும். ரெண்டாம் வண்டிய எடுத்துக்கிட்டு நான் வந்துட்டே இருக்கேன்."

அழுதான். இன்ஜினை அணைத்து உடையை மாட்டிக்கொண்டேன். பாவமாகக்கூட இருந்தது.

நாள் 3, மதியம் 2.50

குளிர் எலும்புவரை இறங்கிவிட்டது. யோசித்துப் பார்த்தேன். நேற்றுவரை பொய் சொன்னவனுக்கு இன்று எங்கிருந்து உண்மை வந்தது? இன்ஜின் அணைந்தால் யாருக்கு லாபம்? நான் விறைத்துப்போனால் அவன் நட்டைக் கழற்றிவிடலாம், டப்பாவை மாற்றிவிடலாம். சாட்சி நான் ஒருத்திதான்.

இன்ஜினைப் போட்டுவிட்டேன். சூடு முகத்தில் படட்டும் என்று கவசக் கண்ணாடியையும் தூக்கிவிட்டேன்.

நாள் 3, மாலை 4.15

அலாரம் விடாமல் கத்துகிறது. அதை மாட்டினவனும் அவன்தானே! அதன் பேட்டரியைப் பிடுங்கி எறிந்தேன். கன்வெர்ட்டர் விளக்கு எரியவில்லை, ஆகவே புகை சுத்தம். இவ்வளவு எளிய விஷயம் எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? தலைக்கவசத்தையும் கழற்றிவிட்டேன்.

வானொலியில் அவன்: "அக்கா, உங்க இன்ஜின் ஓடறது இங்க காட்டுதுங்க. அணைச்சுப்போடுங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்."

பார்த்தீர்களா? வேவு பார்க்கிறான். வானொலியை அணைத்தேன்.

நாள் 3, மாலை

வாந்தி. விரல்கள் சொன்ன பேச்சு கேட்கவில்லை. வரிகள் கோணுகின்றன. எனக்குப் பயமாக இருக்கிறது. சாக விருப்பமில்லை. அவன் கையால் சாக அறவே விருப்பமில்லை.

நேரம் தெரியவில்லை

புழுதிக்குள் இரண்டு விளக்குகள். வந்துவிட்டான். கதவை உள்ளே பூட்டி, கம்பியைக் குறுக்கே செருகியாயிற்று.

தட்டுகிறான். கண்ணாடியில் கவசத்தை ஒட்டிக்கொண்டு ஏதோ கத்துகிறான். டாஷ்போர்டில் சாவியைக் காட்டுகிறான், கையை முறுக்கி முறுக்கிக் காட்டுகிறான். என் கழுத்தைத்தான் சொல்கிறான்.

இங்கே நல்ல கதகதப்பு. தலைவலி போன இடம் தெரியவில்லை. அந்தத் தட்டல் மட்டும் நின்றால் தூங்கிவிடுவேன்.

கருவிப் பெட்டியை இழுத்து ஆக்சிலேட்டர் மேல் வைத்துவிட்டேன். இன்ஜின் அலறுகிறது. தட்டுவது இப்போது கேட்கவில்