கூண்டுக் கதவும் உன் நீலக் கோட்டும்

என் ஸ்டெல்லா கண்ணு,

உன் முதல் வருஷ நினைவுக்குச் சபை மலரில் போட ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் போதகர் கேட்டார். உன் போட்டோவும் ஒரு வசனமும் இருந்தால் போதுமாம். பேனாவை எடுத்தால் எனக்குக் கோழிக்கூண்டுக் கதவுதான் வருகிறது. மலரில் இதைப் படிக்கிறவர்கள் என்னை என்ன நினைப்பார்களோ தெரியவில்லை. ஆனால் இந்தக் குழப்பத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

விஷயம் இதுதான். உன் கோழிகளை ஏதோ ஒன்று தூக்கிக்கொண்டு போகிறது. முதலில் சிவப்புப் பெட்டை போனது. பின்பு சேவல். கூண்டுக்கு முன்னால் இறகுதான் கிடந்தது. கீரி என்றேன் நான். மரநாய் என்றாள் பக்கத்து வீட்டு ஷமீம். இன்றுவரை அது எது என்று எனக்குத் தெரியாது.

நீ இருந்தவரை அந்தக் கூண்டுக்கு ஒரு பலகையும் முட்டுக்கு ஒரு கல்லும்தான் கதவு. ஒரு குஞ்சுகூடக் காணாமல் போனதில்லை. கீரியோடு நீ ஏதாவது பேசி வைத்திருந்தாயா? அந்தப் பேச்சில் என்னைச் சேர்க்கவில்லையே.

வேலூர் ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வந்த நம் பெண் ஜெனி, சேவல் போன சேதி கேட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். உன்னை மாதிரியேதான். "ப்பா, இந்தப் பேஜாரு போதும். இன்னொன்னு போச்சுன்னா மிச்சத்தையெல்லாம் யாருக்காவது குட்த்துட்லாம்" என்றாள். அவள் சொல்வது நியாயம்தான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. உன் புடவை மடித்து வைத்த இடத்தில் இருக்கிறது, உன் போட்டோ சுவரில் இருக்கிறது. இந்த வீட்டில் நீ விட்டுப்போனதில் நடமாடுகிறவை இந்தக் கோழிகள் மட்டும்தான்.

அதனால் எதுவும் நுழைய முடியாத கதவு ஒன்று செய்தேன். மரச்சட்டம், விரல் நுழையாத கம்பி வலை, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தாழ்ப்பாள். கீலுக்கு என்ன போட்டேன் தெரியுமா? தோல். நம் ஊரில் சைக்கிள் சீட்டிலிருந்து துணிக்கொடி வரைக்கும் தோல் துண்டில்தானே ஓடுகிறது. தோல் பதனிடும் நம் டேனரியில் கேட்டு நல்ல கனமான எருமைத்தோல் வார் வாங்கி வந்தேன். வெயிலில் வெடிக்கக் கூடாதே என்று, வேலையில் செய்து பழகிய மாதிரி, மீனெண்ணெய் ஊற ஊறத் தடவினேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தாழ்ப்பாள் இரண்டும் போட்டது போட்டபடி இருக்கின்றன. கதவு மட்டும் அந்தத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. கீல் இருந்த இடத்தில் நாலு ஆணிதான் மிச்சம். வெள்ளைப் பெட்டையைக் காணோம்.

ஷமீம் மதில் மேலிருந்து எட்டிப் பார்த்து, ஆணியை முகர்ந்து பார்க்கச் சொன்னாள். "இன்னாண்ணா, கோழிய காப்பாத்த கதவு செஞ்சீங்களா, வர்றதுக்கு விருந்து வெச்சீங்களா?" என்றாள். வாழ்நாள் முழுக்க டேனரியில் தோல் உருட்டும் டிரம் ஓட்டியவனுக்கு, மீன் வாடை வந்தால் நாயும் கீரியும் விடுமா என்று தோன்றவில்லை. நீ இருந்திருந்தால் சிரித்தே என்னை ஒரு வழி பண்ணியிருப்பாய்.

ஜெனியின் கையைப் பிடித்துக் கெஞ்சி, இன்னும் ஒரு வாய்ப்பு வாங்கினேன். இந்த முறை முழுக்க இரும்பு. இரும்புக் கீல், இரும்புச் சட்டம். யானை வந்து முட்டினாலும் அசையாது. சாத்தினால் தெருக்கோடி வரை சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் வந்தது வினை. கோழிகள் கூண்டுக்குள் போக மாட்டேன் என்றன. மிச்சமிருந்த மூன்றில் உன் கருப்பி முன்னால் பறந்து முருங்கை மரத்தில் உட்கார்ந்தாள். மற்ற இரண்டும் அவள் பின்னாலேயே ஏறிவிட்டன. நொய் இறைத்தேன். கூப்பிட்டேன். கம்பை எடுத்து விரட்டினேன். எதையுமே உள்ளே விடாத கதவைச் செய்ய நினைத்தேன், அது கோழியையும் விடவில்லை. மரத்தில் இருந்தால் மரநாய்க்கு இன்னும் சுலபம். என்ன செய்வது, ஸ்டெல்லா?

நேற்று ஜெனி உன் பெட்டியைத் திறந்து துணியெல்லாம் துவைத்துப் போட்டாள். ஷூ கம்பெனிக்குப் புடவை மேல் போட்டுக்கொண்டு போவாயே, அந்த நீலக் கோட்டும் கொடியில் தொங்கியது. பொழுது சாயும் நேரம். கருப்பி மரத்தடிக்கு வந்தவள் ஏறாமல் நேராகக் கொடிக்கு நடந்தாள். மற்ற இரண்டும் பின்னால் வந்தன. மூன்றும் கோட்டுக்குக் கீழே நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஷமீம்தான் மெதுவாகச் சொன்னாள்: "ஸ்டெல்லாக்கா பஸ்ஸ வுட்டு எறங்கினா கோட்டக்கூட கழட்டாது. நேரா கூண்டாண்டதான் வரும். தெரியாதாண்ணா உங்களுக்கு?"

தெரியாது. வேலையில் இருந்தவரை நான் டிரம்மை நிறுத்திவிட்டு வீடு வரும்போது இருட்டியிருக்கும், கூண்டு சாத்தியிருக்கும், சாப்பாடு தட்டில் இருக்கும். நீ கூண்டு சாத்துவதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கோழிகள் தினமும் பார்த்திருக்கின்றன.

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். தோள் பிடித்தது, கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. ஜெனி உள்ளே போய்விட்டாள். நான் இரும்புக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றும் என் காலை உரசிக்கொண்டு வரிசையாக உள்ளே போயின. சத்தம் வராமல் சாத்தினேன்.

நான் அவற்றை ஏமாற்றினேனா? இல்லை, இது நீ இல்லை என்று தெரிந்தும் போயினவா? உள்ளே போன கருப்பி திரும்பி வலை வழியாக என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கோட்டை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை என்று ஜெனியிடம் சொல்லிவிட்டேன். கோழிகளையும்தான். இனி நீ பஸ்ஸைவிட்டு இறங்கும் நேரத்துக்கு நான் கூண்டருகில் நிற்பேன். தோள் தையலை மட்டும் கொஞ்சம் பிரித்துவிட வேண்டும், கோபித்துக்கொள்ளாதே.

உன் கோட்டுக்குள் நிற்கும்,
ஜெனி அப்பா