முழுசா எடுத்தாச்சு

என் பெரியவனுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நீயும் மருமகளும், டாக்டருக்குப் படிக்கிற என் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நான் சுகம், அப்பா இருக்கிறார். போனில் சொன்னால் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மண்டையோட்டின் அடியில் இருந்த கட்டியை எடுத்தாரே பெரிய டாக்டர், அவருக்குப் போன புதன்கிழமை ஆஸ்பத்திரியில் பாராட்டு விழா. நூறு கட்டி எடுத்தாராம், ஒன்றில்கூட மிச்சம் வைத்ததில்லையாம். அப்பாவை மேடையேற்றி நான் நன்றி சொல்லவேண்டும் என்று நர்ஸம்மா வீட்டுக்கே வந்து கூப்பிட்டாள், உடனே சரி என்றேன். உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் அந்த மனுஷன் கதவுப் பக்கம் நின்றபடியே, முழுசா எடுத்துடலாமா கொஞ்சம் விட்டுடலாமா என்று, காய்க்காரன் காம்பை நறுக்கட்டுமா என்பதுபோலக் கேட்டார். கட்டி நரம்போடு ஒட்டியிருக்கிறது, சுரண்டினால் நரம்பும் போகும் என்று சொல்லவில்லை. நானும் முப்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்த திமிரில், எனக்கு அரைகுறை வேலை ஆகாது, முழுசா எடுங்க என்று கையெழுத்துப் போட்டேன். சிக்கின நூலை வெடுக்கென்று இழுத்தால் துணி கிழியும் என்று தெரிந்தவளுக்கு அன்றைக்குப் புத்தி வேலை செய்யவில்லை. பக்கத்துக் கட்டில் பஸ் டிரைவருக்கும் அதே கட்டிதான், வேறு டாக்டர், நகக்கண் அளவு நரம்போடு விட்டுவிட்டு ரேடியேஷன் கொடுத்தார், மூன்று வருஷமாக ஸ்கேனில் அது வளரவில்லை, அவர் விசிலடித்துக்கொண்டு திரிகிறார். உன் அப்பாவுக்கு ஒரு பக்க முகம் தொங்கி, பேச்சும் போய் எல்லாம் சிலேட்டில்தான், தண்ணீர்கூடப் பொடி போட்டுக் கெட்டியாக்கினால்தான் இறங்குகிறது.

விழாவில் முழுசா எடுத்தாச்சு என்று டாக்டர் மைக்கில் சொன்னதும் எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் மைக் என்னிடம் வந்தது. "எடுத்ததைச் சொன்னீங்க டாக்டர், கூட என்ன போச்சுன்னு நான் காட்டறேன்" என்று சொல்லி அப்பாவிடம் பொடி போடாத வெறும் தண்ணீர் டம்ளரைக் கொடுத்தேன். ஒரு வாய்தான், பாதி சட்டையில், பாதி இருமலில். கூடம் முழுக்க அந்த இருமல் மட்டும்தான் கேட்டது. அவரைக் காட்சிப்பொருள் ஆக்கினேன் என்று என்னைத் திட்டாதே. முந்தின நாளே சிலேட்டில் எழுதிக் காட்டியது அவர்தான், "நீலச் சட்டை எடுத்து வை, நனைஞ்சா நல்லாத் தெரியும்."

மறுநாள் டாக்டர் போன் பண்ணி, "நீங்க கேட்டபடிதானேம்மா செஞ்சேன்" என்றார். சுருக்கென்று தைத்தது, என் கையெழுத்து அங்கே இருக்கிறதே. என் பங்கை நான் மூன்று வேளையும் ஸ்பூனில் ஊட்டித் தீர்க்கிறேன். அவர் பங்கு என்ன? ரிப்போர்ட்டில் முழுவதும் அகற்றப்பட்டது என்று இருக்கிற வரிக்குக் கீழே, கூடப் போனது என்னவென்று அவர் கைப்பட எழுதட்டும் என்றேன். யோசித்துச் சொல்வாராம். எழுதும்வரைக்கும் விடமாட்டேன்.

கெட்டியாக்கும் பொடி இரண்டு டப்பா மறக்காமல் அனுப்பு. இந்தக் கடிதத்தைப் பேத்தியிடமும் காட்டு. எல்லாரும் நன்றாக இருங்கள், என் ஆயுசில் கொஞ்சம் உங்களுக்குச் சேரட்டும். பதினெட்டாம் தேதி அப்பாவுக்கு அதே டாக்டரிடம் செக்கப், நீலச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா